வெற்றிலை போடும் வாயில் டி.என்.ஏ. சிதைவை அளக்க: நுண்கருவா, வால்வெள்ளியா, ஒளிரும் புள்ளியா, வெங்காய வேரா?

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாவற்றையும் ஒரு கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வயலில் நிற்கும் ஆட்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் உதட்டிலும் வாயிலும் வருவதுதான். "புகையிலையை விட்டிட்டன், பாக்கு மட்டும்தான்" என்று சொல்பவரும் தப்பவில்லை. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும், மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான முதலாம் வகுப்பில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் சேர்த்திருக்கிறது.

ஆகவே வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் உயிரியல் பக்கம் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு பொருள் தேடும் மாணவருக்கு இந்தத் தலைப்பு தானாக வந்து கையில் விழும். தலைப்பு முடிவான பிறகுதான் தடுமாற்றம்: எந்தச் சோதனையால் அளப்பது? இணையத்தில் தேடினால் ஒளிரும் பச்சைப் புள்ளிகளின் படங்கள் முதலில் வரும், உடனே அதில் ஆசை வந்துவிடும். அந்த ஆசையில் ஆறு மாதத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

முடிவை முதலே சொல்லிவிடலாம். மாவட்ட மட்ட ஆய்வுகூட வசதியோடு, மனித வாயில், ஆறு மாதத்தில் முடிக்கவேண்டிய வேலை என்றால் கன்ன உட்புறக் கலங்களில் நுண்கரு (பெரிய கருவுக்கு வெளியே தனியாக நிற்கும் சின்னக் கரு) எண்ணும் முறையே சரி. மற்றவை மோசமானவை அல்ல, அவை வேறு கேள்விக்கு விடை சொல்பவை.

கலம் எங்கே மறிக்கிறது, எங்கே விடுகிறது

ஒரு கலம் இரண்டாக முன் நான்கு கட்டங்களைக் கடக்கவேண்டும். ஜீ1இல் வளர்கிறது, எஸ் கட்டத்தில் டி.என்.ஏ.யை இரட்டிக்கிறது, ஜீ2இல் சரிபார்க்கிறது, எம் கட்டத்தில் பிரிகிறது. ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தள்ளுபவை 'சைக்கிளின்' (cyclin) என்ற புரதங்களும் அவற்றோடு சோடி சேரும் சி.டி.கே. என்ற கைனேஸ் நொதியங்களும். கைனேஸ் என்றால் மற்றப் புரதங்களில் பொசுபேற்றை ஏற்றுவது. இந்தப் பொறிமுறையின் முக்கிய பாகங்களைக் கண்டறிந்ததற்கே லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹண்ட், போல் நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. மறித்து வைப்பவை சோதனைச்சாவடிகள். இந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை: மறிப்பார்கள், பார்ப்பார்கள், ஒன்றில் போகவிடுவார்கள், இல்லையென்றால் போனவர் வீடு திரும்பமாட்டார். கலத்திலும் நடப்பது இந்த மூன்றும்தான்.

டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் ஏ.டி.எம். என்ற கைனேஸ் விழித்துக்கொள்கிறது. இரட்டிப்பு நடுவழியில் சிக்கி ஒற்றையிழை வெளித்தெரிந்தால் ஏ.டி.ஆர். விழிக்கிறது. முதலாவது செக்2 என்ற புரதத்தையும் இரண்டாவது செக்1ஐயும் ஏவிவிட, அவை சி.டி.சி.25 என்ற நொதியத்தை முடக்குகின்றன. அது முடங்கினால் எம் கட்டத்தின் வாசலைத் திறக்கும் சி.டி.கே.1 பூட்டியபடியே கிடக்கும். இது நிமிடக் கணக்கில் நடப்பது. இன்னொரு கை மெதுவாக வேலை செய்யும்: பி53. சாதாரண நாளில் எம்.டி.எம்.2 என்ற புரதம் பி53ஐச் சேரவிடாமல் அழித்துக்கொண்டே இருக்கும். சிதைவு வந்தால் ஏ.டி.எம். அந்தப் பிடியைத் தளர்த்திவிட, பி53 குவிந்து, பி21ஐ உருவாக்கி, சி.டி.கே.2ஐ மறித்து, ஜீ1இலேயே கலத்தை நிறுத்துகிறது. திருத்த முடியாத சிதைவு என்றால் அதே பி53 கலத்தைத் தற்கொலைக்கு அனுப்பும். மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ அரைவாசியில் இந்தப் பரம்பரையலகு பழுதாகியிருக்கிறது.

அம்பாறைக்காரருக்கு ஒரு பக்கக் குறிப்பு: வயலுக்குள் இறங்கி நெல்லைத் தின்னும் யானைக்கு இந்தப் பரம்பரையலகின் பிரதிகள் நிறைய. நமக்கு ஒரு சோடி. ஆசிய யானையில் 15 முதல் 20 பிரதிகள் இருப்பதாக 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கதிர்பட்ட யானைக் கலங்கள் மனிதக் கலங்களைவிட எளிதில் செத்து விழுகின்றன. அவ்வளவு பெரிய உடம்பில் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் சாவடி என்றால் கசிவும் உண்டு. நல்ல கலத்தில்கூட ஜீ2 சாவடி கடைசி முறிவுவரை காத்திருப்பதில்லை. இரட்டையிழை முறிவுகள் ஏறத்தாழ 10 முதல் 20 என்ற அளவுக்குக் குறைந்ததும் கதவைத் திறந்துவிடுகிறது. மிச்ச முறிவுகளோடு கலம் எம் கட்டத்துக்குள் போகிறது. அறுந்த நிறமூர்த்தத் (குரோமோசோம்) துண்டில், பிரிவின்போது அதை இழுக்கும் கதிர்நார் பற்றுவதற்கு மையப்பாத்து இல்லை. இரண்டு மகட்கருக்களும் இரு பக்கம் ஒதுங்க, அந்தத் துண்டு நடுவில் அநாதையாக நின்று, தனக்கென ஒரு சவ்வைச் சுற்றிக்கொள்கிறது. அதுதான் நுண்கரு. கதிர்நார் பிசகி ஒரு முழு நிறமூர்த்தம் பின்தங்கினாலும் இதேதான் நடக்கும். அந்தச் சவ்வு பலவீனமானது. அது கிழிந்தால் உள்ளேயிருக்கும் நிறமூர்த்தம் நொறுங்கி, தாறுமாறாக ஒட்டப்பட்டு அடுத்த தலைமுறைக்குப் போகலாம். ஆகவே நுண்கரு வெறும் சிதைவின் அடையாளம் அல்ல. சிதைவு வந்தது, சாவடி விட்டது, கலம் பிரிந்தது என்ற மூன்றுக்கும் சேர்த்து அடித்த முத்திரை அது.

இந்த இடத்திலேயே தெரிவு பாதி முடிந்துவிடுகிறது. இப்போது எவ்வளவு அறுந்திருக்கிறது என்று கேட்டால் வால்வெள்ளிச் சோதனை. கலம் அதை உணர்ந்து அலாரம் அடித்ததா என்றால் காமா எச்2ஏஎக்ஸ், அதாவது அந்த ஒளிரும் பச்சைப் புள்ளிகள். எந்தக் கட்டத்தில் நின்றது என்றால், கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு டி.என்.ஏ. அளவைப் பார்க்கும் பாய்ச்சல் கலமானி. தாண்டிப் போய்விட்டதா என்றால் நுண்கரு.

நுண்கரு: எளிமையாகத் தெரியும், கவனம் கேட்கும்

கன்னத்தின் உட்புற மேலணி அடியிலிருந்து பிரிந்து மேலே வந்து உதிரும். இன்று தூரிகையில் வரும் கலம் ஏறத்தாழ 1 முதல் 3 கிழமைக்கு முன் அடி அடுக்கில் பிரிந்தது. இது பலமும் பலவீனமும். நேற்றுப் போட்ட வெற்றிலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆனால் கடந்த மாதத்துப் பழக்கத்தைக் கடைசியாக எப்போது போட்டார் என்ற மணிக்கணக்குக்குக் குழம்பாமல் சொல்லும். வினாக்கொத்தில் "கடந்த நாலு கிழமையில்" என்று கேளுங்கள்.

தாங்கற் கரைசல் 1 லீற்றருக்கு: டிரிஸ் ஐதரோகுளோரைட்டு 1.6 கிராம், நாற்சோடியம் ஈ.டி.டி.ஏ. 38 கிராம், உப்பு 1.2 கிராம், பீ.எச். 7.0. கடையில் இருசோடிய ஈ.டி.டி.ஏ. மட்டும் கிடைத்தால் 37.2 கிராம் போட்டு, அமிலத்துக்குப் பதிலாகச் சோடியம் ஐதரொட்சைட்டால் பீ.எச்.ஐ ஏற்றவேண்டும். ஈ.டி.டி.ஏ. இங்கே சும்மா இல்லை. எச்சிலில் உள்ள டி.என்.ஏ. அறுக்கும் நொதியங்களுக்குத் தேவையான மக்னீசியத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. வாகரையிலோ திருக்கோவிலிலோ மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சேரும்வரை கலத்தைக் காப்பது அதுதான்.

வாயைத் தண்ணீரால் இரண்டு முறை கொப்பளிக்கச் சொல்வது பொது வழக்கம். வெற்றிலைக்காரருக்கு அது போதாது. சிவப்பு நின்று வெறும் தண்ணீர் வரும்வரை கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்குத் தூளும் சுண்ணாம்புத் துகளும் வழுக்கி (நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகடு) முழுக்கக் கிடக்கும். சிறிய தலையுள்ள மென்மையான பல்தூரிகையால் கன்னத்தின் உட்புறத்தில் 10 முறை வட்டமாகத் தேய்த்து, 20 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில் ஆட்டி இறக்குங்கள்.

இங்கே வழக்கமான செய்முறையிலிருந்து விலகச் சொல்வோம். அதில் இடது, வலது கன்னக் கலங்களை ஒன்றாகச் சேர்ப்பார்கள். வெற்றிலைக்காரர் பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் ஒதுக்குவார். எந்தப் பக்கம் என்று கேட்டு, இரண்டையும் வேறு வேறு குழாயில் எடுங்கள். அதே ஆள், அதே வயது, அதே சாப்பாடு, அதே பீடி. ஒதுக்கும் கன்னத்துக்கும் மற்றக் கன்னத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வேறெந்தக் கட்டுப்பாட்டுக் குழுவும் இவ்வளவு சுத்தமாகத் தராது. சாறு மற்றப் பக்கத்துக்கும் ஓடும் என்பதால் வித்தியாசம் சற்றுக் குறைந்து தெரியும். ஆகவே வெற்றிலையே போடாத ஒரு குழுவும் வேண்டும்.

குழாயை 580 ஜி (புவியீர்ப்பின் 580 மடங்கு) அளவில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை ஊற்றிவிட்டுப் புதுக் கரைசலில் கலக்கி, மொத்தம் மூன்று கழுவல். கட்டிபட்ட கலங்களை 18ஆம் இலக்க ஊசி பூட்டிய சிறிஞ்சால் இரண்டு மூன்று முறை உறிஞ்சித் தள்ளிப் பிரித்து, 100 மைக்கிரோமீற்றர் நைலோன் வலையால் வடியுங்கள். வழுக்கியில் கலங்களைப் படியவைக்கும் தனிச் சுழலி இல்லாவிட்டால், எதனோலும் அசற்றிக் அமிலமும் 3:1 கலந்த பதப்படுத்தியில் கலங்களை மிதக்கவிட்டு, வழுக்கியில் சொட்டுச் சொட்டாக விட்டு உலர்த்தலாம். கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் இன்னும் ஐதாக்குங்கள்.

சாயம் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும், அதிக ஆய்வுகள் வழுக்கி விழுவதும் இங்கேதான். கீம்சா சாயம் மலிவு, எந்த மருத்துவ ஆய்வுகூடத்திலும் இருக்கும். ஆனால் அது டி.என்.ஏ.யை மட்டும் பிடிப்பதில்லை. கெரற்றின் (தோலையும் நகத்தையும் கடினமாக்கும் புரதம்) மணிகளும் அதில் ஊதாப் புள்ளியாகத் தெரியும். பாக்கு உரசித் தடித்த கன்னத்தில் கெரற்றின் மணிகள் கூடுதலாக இருக்கும். ஆகவே கீம்சாவில் எண்ணினால் வெற்றிலைக்காரருக்கு நுண்கரு அதிகம் என்ற விடை சாயத்தாலேயே வந்துவிடும், டி.என்.ஏ.யைக் கேட்கத் தேவையில்லை! இந்தத் தலைப்புக்கு ஃபொயில்ஜன் சாயம் தவிர வேறு வேண்டாம். அது டி.என்.ஏ.யிலுள்ள வெல்லத்தோடு (சீனி மூலக்கூற்றோடு) இரசாயன ரீதியாகப் பிணைவது.

வழுக்கியை 50 வீத எதனோலில் 1 நிமிடம், 20 வீதத்தில் 1 நிமிடம், தண்ணீரில் 2 நிமிடம் வையுங்கள். பிறகு 5 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 30 நிமிடம். 100 மில்லிலீற்றர் தயாரிக்க 37 வீதச் செறிந்த அமிலம் சுமார் 42 மில்லிலீற்றர் போதும், தண்ணீருக்குள் அமிலத்தை விடுங்கள், மாறி விடாதீர்கள். கழுவி, ஷிஃப் சாயத்தில் இருட்டில் 60 நிமிடம். ஓடும் தண்ணீரில் 5 நிமிடம். கடைசியாக 0.2 வீத லைட் கிறீனில் 30 செக்கன். கரு மெஜந்தா நிறம், சுற்றிவர வெளிர் பச்சை.

அந்த 30 நிமிடம் 22 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டது. சித்திரை, வைகாசியில் குளிரூட்டி இல்லாத அறையில் 32 பாகையில் அதே 30 நிமிடம் வைத்தால் அமிலம் டி.என்.ஏ.யையே கரைத்துக்கொண்டு போகும், கரு வெளிறும், சின்ன நுண்கரு முதலில் காணாமற்போகும். முதல் நாளே ஒரே ஆளின் வழுக்கிகளை 12, 18, 24, 30 நிமிடம் என்று வைத்துப் பார்த்து, உங்கள் அறைக்கான நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷிஃப் சாயமும் வெக்கைக்குப் பழுதாகும். போத்தலிலேயே இளஞ்சிவப்பாக இருந்தால் அது போய்விட்டது. சந்தேகம் என்றால் 10 மில்லிலீற்றர் போமலினில் சில சொட்டு விடுங்கள்: உடனே ஆழ்ந்த மெஜந்தா வந்தால் நல்லது, இழுத்திழுத்து நீல ஊதாவாக மாறினால் வீசுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் அமிலத்தில் வைக்காத ஒரு வழுக்கியையும் சேர்த்துச் சாயமிடுங்கள். அதில் கரு சிவந்தால் சாயம் பொய் சொல்கிறது.

எண்ணுவது 400 மடங்கில், உறுதிப்படுத்துவது எண்ணெய் போட்டு 1000 மடங்கில். நுண்கரு வட்டமோ நீள்வட்டமோ ஆக இருக்கவேண்டும். விட்டம் பெரிய கருவின் மூன்றிலொன்றுக்கும் பதினாறிலொன்றுக்கும் இடையில், அதே நிறம், அதே குவியத் தளம். கருவோடு கழுத்தால் ஒட்டியிருந்தால் அது மொட்டு, தனி நிரலில் எழுதுங்கள். கரு சிதறி உடைந்த கலத்தில் பத்துத் துண்டு தெரியும். அது செத்துக்கொண்டிருக்கும் கலம், நுண்கருக் கணக்கில் வராது. ஆனால் அதையும் எண்ணத்தான் வேண்டும். சிதைவு மிகக் கடுமையானால் கலங்கள் பிரிவதற்கு முன்பே சாகும், நுண்கரு குறைந்தே தெரியும். சாவைக் கணக்கெடுக்காதவர் அந்தக் குறைவைப் பார்த்து "பாதிப்பில்லை" என்று எழுதிவிடுவார். கல வகைகளுக்கு 1000 கலம், நுண்கருவுக்கு 2000 முதிர்ந்த கலம் என்பது நடைமுறை.

2000 ஏன் என்று கேட்பவருக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆரோக்கியமானவரில் சாதாரணமாக 1000 கலத்துக்கு 0.5 முதல் 2.5 வரை இருக்கும். 1 என்று வைப்போம். 1000 கலம் மட்டும் எண்ணினால், தற்செயலாலேயே 100 பேரில் 37 பேருக்குப் பூச்சியம் வரும். 2000 எண்ணினால் அது 13, 14 பேராகக் குறையும். நேரம் போதாது என்று 500 கலத்தோடு நிறுத்திய தரவுகளில் பாதிக்கு மேல் பூச்சியமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 30 வெற்றிலைக்காரர், 30 மற்றவர். முதல் குழுவில் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு மாதிரி என்றால் மொத்தம் 90 மாதிரி, 180,000 கலம். கால அட்டவணையில் பெரிய பங்கை இதற்கு ஒதுக்குங்கள். வழுக்கி எண்களை வேறொருவர் மறைத்துத் தரவேண்டும், யாருடையது என்று தெரிந்து எண்ணும் கண் நேர்மையாக இருக்காது.

வால்வெள்ளி: நுண்ணியது, ஆனால் யாருடைய கலத்தில்?

கலத்தை அகரோஸ் ஜெல்லுக்குள் புதைத்து, சவ்வையும் புரதத்தையும் கரைத்து, மின்புலத்தில் விட்டால் அறுந்த டி.என்.ஏ. நேர்மின்வாய்ப் பக்கம் வால்போல் இழுபடும். 1984இல் வந்த முறை, 1988இல் கார ஊடகத்துக்கு மாற்றிய பிறகு ஒற்றையிழை முறிவையும் காட்டத் தொடங்கியது. உணர்திறனில் நுண்கரு இதன் கிட்டவும் நிற்காது. விரலில் குத்தி எடுத்த 10 மைக்கிரோலீற்றர் இரத்தம் போதும், இரண்டு நாளில் விடையும் வரும்.

பிரச்சினை இரண்டு. வெற்றிலை தாக்குவது கன்னத்தை, இரத்தத்தின் வெண்குருதிக் கலத்தை அல்ல. இரத்தத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் வாயிலும் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. சரி, கன்னக் கலத்திலேயே செய்வோம் என்றால், உதிரும் கலங்களில் பெரும்பாலானவை கெரற்றின் கட்டி அரை உயிரில் இருப்பவை. சாதாரண கரைப்புக் கரைசலுக்கு அவை மசியாது. புரதினேஸ் கே போன்ற நொதியத்தால் கூடுதலாகச் செரிக்கவேண்டும், செரித்தால் செத்த கலங்களின் பெருவால்கள் முடிவை மூடிவிடும். இரண்டாவது, ஒற்றையிழை முறிவுகளில் பெரும்பாலானவை ஒரு மணித்தியாலத்துக்குள் திருத்தப்பட்டுவிடும். காலை எட்டுக்கு வெற்றிலை போட்டவரிடம் எட்டேகாலுக்கு எடுத்த மாதிரியும் பதினொன்றுக்கு எடுத்த மாதிரியும் இருவேறு ஆட்களுடையது போலிருக்கும்.

ஆனால் கேள்வியை மாற்றினால் இது ராஜா. வெண்குருதிக் கலத்தைப் பிரித்தெடுத்து, 100 மைக்கிரோமோலார் ஐதரசன் பேரொட்சைட்டில் பனிக்கட்டி மேல் 5 நிமிடம் வைத்துக் கழுவி, 37 பாகையில் 0, 15, 30, 60 நிமிடங்களில் எடுத்து வாலை அளந்தால் திருத்தும் வேகமே கையில் வரும். மருந்துக் கடை 3 வீதப் பேரொட்சைட்டு ஏறத்தாழ 0.88 மோலார். திறந்து பல மாதமான போத்தலை நம்பவேண்டாம்.

கரைப்புக் கரைசல்: சோடியம் குளோரைட்டு 2.5 மோலார், ஈ.டி.டி.ஏ. 100 மில்லிமோலார், டிரிஸ் 10 மில்லிமோலார், பீ.எச். 10, பாவிக்கும் நேரத்தில் 1 வீத டிரைற்றன் எக்ஸ்100. 4 பாகையில் குறைந்தது 1 மணித்தியாலம், ஓரிரவு வைத்தாலும் குற்றமில்லை. மின்புலத்தில் ஓடவிடும் கரைசல் 1 லீற்றருக்குச் சோடியம் ஐதரொட்சைட்டு 12 கிராம், இருசோடிய ஈ.டி.டி.ஏ. 0.37 கிராம். அதில் 20 முதல் 40 நிமிடம் இழை பிரியவிட்டு, 25 வோல்ற்று, 300 மில்லிஅம்பியரில் 20 முதல் 30 நிமிடம் ஓடவிடுங்கள். அம்பியர் கூடினால் வோல்ற்றில் கைவைக்கவேண்டாம், கரைசலைக் கொஞ்சம் வெளியே எடுங்கள்.

எங்கள் பக்கத்தில் கெடுப்பவை மூன்று. ஒன்று வெக்கை: தொட்டி 4 பாகையில் இல்லாவிட்டால் சிதையாத கலத்துக்கும் வால் முளைக்கும். இன்னொன்று கரண்ட். கரைப்புக் கட்டத்தில் மின்வெட்டு வந்தால் கவலையில்லை, குளிர்ப்பெட்டியின் மிச்சக் குளிர் காக்கும். மின்புலத்தில் ஓடும் பத்தாவது நிமிடத்தில் போனால் அந்தத் தொகுதி போனதுதான். கரண்ட் வந்த பிறகு மிச்ச நேரத்தை ஓட்டி ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் காரத்தில் இழை பிரிவது கரண்டைக் கேட்டு நிற்பதில்லை. கடைசியாக மாரி: கார்த்திகை, மார்கழியில் முன்பூச்சுப் போட்ட வழுக்கிகள் மேசையில் காயவே காயாது, ஈரப் பூச்சின் மேல் இட்ட ஜெல் கரைசலுக்குள் வழுகிப் போய்விடும். அடுப்பில் 50 பாகையில் உலர்த்துங்கள். ஒளிர் நுணுக்குக்காட்டி இல்லாதவருக்கு வெள்ளிச் சாயம் உண்டு, சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே வால் தெரியும்.

ஒளிரும் புள்ளிகள், கட்டங்கள்

இரட்டையிழை அறுந்த இடத்தின் இரு பக்கமும் எச்2ஏஎக்ஸ் என்ற ஹிஸ்டோனில் (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதம்) 139ஆவது இடத்திலுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பொசுபேற்று ஏறுகிறது. 1998இல் கண்டறியப்பட்ட இந்த அடையாளத்தை ஒளிரும் சாயம் சேர்ந்த எதிர்ப்பொருளால் (அன்டிபொடி) பிடித்தால் ஒவ்வொரு முறிவும் ஒரு பச்சைப் புள்ளி. 1 கிரே கதிர் ஒரு கலத்தில் ஏறத்தாழ 35 இரட்டையிழை முறிவுகளை உண்டாக்கும். புள்ளிகள் அரை மணித்தியாலத்தில் உச்சத்தை எட்டி, மணிக்கணக்கில் குறையும். கலத்தின் எதிர்வினையை நேராகப் பார்ப்பதற்கு இதைவிட அழகான முறை இல்லை.

உதிர்ந்த கன்னக் கலத்துக்கு இது பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. எதிர்வினை காட்ட உயிருள்ள கலம் வேண்டும். சாகும் கலத்தில் கரு முழுவதும் ஒரே பச்சையாக எரியும், அதைச் சிதைவு என்று எண்ணினால் கதை வேறாகும். எஸ் கட்டத்திலுள்ள கலத்துக்கு எந்த நஞ்சும் படாமலே புள்ளிகள் இருக்கும். எதிர்ப்பொருள் கொழும்பிலிருந்து குளிர் குலையாமல் வந்து சேரவேண்டும், வந்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து வைக்கவேண்டும். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் விலையுயர்ந்த தண்ணீராகிவிடும். நோயியல் வைத்தியரோடு சேர்ந்து, மெழுகில் பதித்த வாய்த் திசு வெட்டுகளில் செய்வதானால் அது நல்ல ஆய்வு, ஆனால் அது இறுதியாண்டுக்காரரின் தனி வேலையல்ல.

பாய்ச்சல் கலமானி பற்றிச் சுருக்கமாக: 70 வீதக் குளிர் எதனோலில் பதப்படுத்தி, ஆர்.என்.ஏ. அறுக்கும் நொதியமும் புரோப்பிடியம் அயடைட்டும் இட்டு 10,000 கலங்களை ஓட்டினால் ஜீ1, ஜீ2 இரண்டும் கோபுரமாகவும் எஸ் அவற்றுக்கு இடையில் தாழ்ந்த மேடாகவும் வரும். ஜீ2ஐயும் எம்மையும் அது பிரிக்காது. கல வளர்ப்பு இல்லாதவருக்கு இதில் வேலையில்லை. வளர்ப்பு உள்ளவரும் ஒன்றைப் பார்க்கவேண்டும்: கையில் கிடைக்கும் ஹீலா கலத்தை எடுத்து பி53இன் மறிப்பைக் காட்டப் புறப்படுவார்கள். ஹீலாவில் மனித பப்பிலோமா வைரசின் ஈ6 புரதம் பி53ஐ அழித்துக்கொண்டே இருக்கிறது. ஜீ1இல் நிற்காததைப் பார்த்துப் பாக்குச் சாறுக்கு வலுவில்லை என்று முடிவெடுத்தால், தவறு சாற்றில் இல்லை.

உயர்தர வகுப்புக்கு வெங்காயம்

பாடசாலைக்கு மனித மாதிரி வேண்டாம், அனுமதியும் இல்லை, வசதியும் இல்லை. வெங்காய வேர்நுனி அங்கே போதும், போதும் என்ன, சில விடயத்தில் மேல்: 16 நிறமூர்த்தம்தான், அவையும் பெரியவை, பிரிவின் ஒவ்வொரு நிலையும் கண்ணுக்கு நேரே தெரியும். சின்ன வெங்காயத்தையே எடுங்கள். பம்பாய் வெங்காயத்தில் (பெரிய வெங்காயம்) முளைக்காமலிருக்க ஏதாவது செய்யப்பட்டிருந்தால் வேர் வராது, வகுப்பு முழுக்க ஒரு கிழமை காத்திருந்து ஏமாறும்.

தண்ணீர்தான் இங்கே மறைமுக எதிரி. வாவியோரக் கிணறுகளில் உப்பு, குழாய்நீரில் குளோரீன், இரண்டும் வேரை மட்டுப்படுத்தும். குழாய்நீரை அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பாவியுங்கள், எல்லாக் குவளைக்கும் ஒரே தண்ணீர். வேர் 1.5 முதல் 2 சதமமீற்றர் வந்ததும், 10 கிராம் இடித்த கொட்டைப்பாக்கை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்த சாற்றின் 2இல் 1, 10இல் 1, 50இல் 1 கரைசல்களில் 24 மணித்தியாலம் வையுங்கள். நுண்கரு பார்க்கவேண்டுமானால் பிறகு 24 மணித்தியாலம் வெறும் தண்ணீரில் விடவேண்டும், கலம் ஒருமுறையாவது பிரிந்து முடியாமல் நுண்கரு எப்படி வரும்? காலையில் நுனியை வெட்டி 3:1 பதப்படுத்தியில் ஒரு நாள், 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகையில் 5 முதல் 8 நிமிடம், அசற்றோகாமைன், 1 முதல் 2 மில்லிமீற்றர் நுனியை மட்டும் எடுத்துக் கண்ணாடி மூடி, ஒற்றுத்தாளின் மேலால் பெருவிரலால் நேராக அமுக்குங்கள். வழுக விட்டால் கலம் உருண்டு கயிறாகும்.

செறிந்த சாற்றில் நுனி கபிலமாகி மெதுவாகக் குழையும். அது பாக்கிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் செய்த வேலை, கலம் செத்துவிட்டது. பிரியும் கலங்களின் வீதம் விழுந்ததை அங்கே "சோதனைச்சாவடி மறித்தது" என்று எழுதினால் தவறு. வெள்ளையாக நிற்கும் வேரில், 10இல் 1, 50இல் 1 கரைசல்களில் மட்டும் எண்ணுங்கள். ஆசிரியர் சொல்லவேண்டிய இன்னொன்று: தாவரத்தில் ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். இரண்டும் உண்டு, பி53 இல்லை. அந்த இடத்தில் எஸ்.ஓ.ஜீ.1 என்ற வேறொரு புரதம் நிற்கிறது. ஆகவே வெங்காயம் மறிப்பையும் கசிவையும் காட்டும், மனிதப் புற்றுநோயைக் காட்டாது.

மாதிரி எடுக்கப் போகும் முன்

மனித வாயைத் தொடும் எந்த வேலைக்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். விண்ணப்பத்துக்கும் திருத்தத்துக்கும் மாதக்கணக்கு போகலாம், சாயத்துக்கு ஓடர் கொடுக்கும் நாளிலேயே அதையும் அனுப்பிவிடுங்கள். சம்மதப் படிவத்தில், இது நோய் அறியும் சோதனை அல்ல என்று தெளிவாக எழுதுங்கள். "எனக்கு எத்தினை வந்தது?" என்று கட்டாயம் கேட்பார்கள். 2000 கலத்தில் 5 வந்தவருக்கும் 2 வந்தவருக்கும் தனியாளாகச் சொல்ல ஒன்றுமில்லை, மேலே போட்ட கணக்குப்படி அது தற்செயலாகவும் இருக்கும். குழுச் சராசரியைத்தான் பேசலாம்.

ஆனால் தூரிகையோடு வாய்க்குள் பார்க்கும்போது நுணுக்குக்காட்டி இல்லாமலே தெரிபவை உண்டு. துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவந்த திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், தன்னுடைய மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் விடமுடியாத இறுக்கம். இதில் ஒன்று இருந்தாலும் அந்த ஆளின் பெயரை ஆய்வுப் பதிவில் சேர்க்க முதல், கிட்டடி அரச வைத்தியசாலைப் பல்வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். கடிதப் படிவத்தை முன்கூட்டியே அச்சடித்துப் பையில் வைத்திருங்கள், வயல் வரம்பில் நின்று எழுத நேரம் இராது.